பழைய காரிலிருந்து டீசல் இன்ஜெக்டர்: கழற்றுவது எப்படி? கம்ப்யூட்டருக்குச் சொல்வது எப்படி?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவரிடம் "உங்கள் வீட்டில் எத்தனை கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன?" என்று கேட்டால் "ஒன்று" என்றுதான் பதில் வரும். வாசலில் ஒரு டீசல் கார் நிற்குமானால் அந்தப் பதில் தவறு. மானிட்டர், கீபோர்டு, மவுஸ் எதுவும் இல்லாத இன்னொரு கம்ப்யூட்டர் அந்தக் காருக்குள் இருக்கிறது. நீங்கள் சாவியைத் திருப்பும்போதெல்லாம் அது பூட் ஆகிறது. அதற்கும் ஒரு பிராசசர் உண்டு, நினைவகம் உண்டு, மென்பொருள் உண்டு. நம் மேசைக் கம்ப்யூட்டரில் ஒரு புதிய பிரிண்டரை இணைத்தால் அதற்கான டிரைவரை நிறுவ வேண்டும் அல்லவா? அதைப் போலவே காரில் சில பாகங்களை மாற்றினால் அந்தக் கம்ப்யூட்டருக்கும் தகவல் சொல்ல வேண்டும்.

இந்தப் பாடத்தை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. சென்னை புதுப்பேட்டையில் ஒரு பழைய காரின் பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு, இரண்டு சனிக்கிழமைகளையும் ஒரு நல்ல இன்ஜெக்டரையும் வீணாக்கிக் கற்றுக்கொண்டேன். நீங்கள் வீணாக்காமல் இருக்க இந்தக் கட்டுரை உதவும்.

அப்பாவின் கார்

நான் இன்ஜினியரிங் படித்தது மெக்கானிக்கல் பிரிவில். வேலை பார்ப்பது மென்பொருள் துறையில். என் அப்பா விழுப்புரத்தில் சொந்தக் கார் வைத்து வாடகைக்கு ஓட்டுகிறார். அந்தக் கார் ஓடினால்தான் வீட்டில் வருமானம்.

சென்ற ஆண்டு ஒரு நாள் காலையில் காரை ஸ்டார்ட் செய்ததும் இன்ஜின் நடுங்கியது. புகை வந்தது. மெக்கானிக் நான்கு இன்ஜெக்டர்களின் ரிட்டர்ன் குழாய்களிலும் நான்கு சிறிய பாட்டில்களை மாட்டி இன்ஜினை ஓட விட்டார். மூன்று பாட்டில்களில் கொஞ்சம் கொஞ்சமாக டீசல் சேர்ந்தது. மூன்றாவது சிலிண்டரின் பாட்டில் மட்டும் மளமளவென்று நிரம்பியது. அந்த இன்ஜெக்டர் உள்ளே தேய்ந்து, சிலிண்டருக்குள் போக வேண்டிய டீசலைத் திருப்பி அனுப்பிக் கொண்டிருந்தது.

புதிய இன்ஜெக்டரின் விலையையும் கூலியையும் சேர்த்தால் அப்பாவின் ஒரு மாத வருமானத்தைத் தாண்டியது. காருக்கு இன்னும் பதினோரு தவணை பாக்கி. "பேசாம வித்துடலாமாடா?" என்று அப்பா போனில் கேட்டார். இருபது ஆண்டுகளாக ஸ்டியரிங் பிடிப்பவர் அப்படிக் கேட்டது எனக்குக் கஷ்டமாக இருந்தது. "ஒரு வாரம் பொறுங்கப்பா. புதுப்பேட்டைல பார்க்கறேன்" என்றேன்.

இன்ஜெக்டர் என்ன செய்கிறது?

பெட்ரோல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் நெருப்பு மூட்டுகிறது. டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. சிலிண்டரில் உள்ள காற்றை பிஸ்டன் பலமாக அழுத்தும்போது அந்தக் காற்று கடுமையாகச் சூடேறுகிறது. அந்தச் சூட்டில் டீசலைப் பொடித் தூறலாகத் தெளித்தால் தானே தீப்பற்றிக் கொள்கிறது. அப்படித் தெளிக்கும் கருவிதான் இன்ஜெக்டர். பார்ப்பதற்கு ஒரு தடித்த பேனாவைப் போல இருக்கும். மேல் பக்கம் மின் இணைப்பு, கீழ்ப் பக்கம் மெல்லிய துளைகள் கொண்ட மூக்கு.

இன்றைய டீசல் கார்களில் உள்ள முறைக்கு காமன் ரெயில் என்று பெயர். 1997ல் ஆல்ஃபா ரோமியோ 156 காரில் இது முதன் முதலாகப் பயணிகள் காருக்கு வந்தது. ஒரு பம்ப், டீசலை அழுத்தி ஒரு தடித்த குழாயில் நிரப்பி வைக்கிறது. அந்தக் குழாய்தான் ரெயில். அதிலிருந்து ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் ஒரு சிறிய இரும்புக் குழாய் போகிறது. கார் டயரில் உள்ள அழுத்தம் சுமார் 2 பார். ரெயிலில் இன்ஜின் சும்மா ஓடும்போதே 250 பார் அளவுக்கு இருக்கும். வேகம் எடுக்கும்போது பல கார்களில் 1600 பார் வரை போகும். டயர் அழுத்தத்தைப் போல 800 மடங்கு!

எப்போது திறக்க வேண்டும், எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்று இன்ஜெக்டருக்கு உத்தரவிடுவது காரின் கம்ப்யூட்டர். இதை ஈசியு என்பார்கள். இன்ஜின் நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடினால், ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு நொடிக்கு 25 முறை டீசல் தெளிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரம் ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுதான். இன்ஜின் சும்மா ஓடும்போது ஒரு தடவைக்குப் போகும் டீசல் சில மில்லிகிராம் மட்டுமே. ஒரு துளித் தண்ணீரில் பத்தில் ஒரு பங்கு என்று வைத்துக் கொள்ளுங்கள்.

தலையில் எழுதிய எண்

இங்கேதான் நம் கதைக்கு முக்கியமான விஷயம் வருகிறது. இவ்வளவு நுணுக்கமான பொருளை எந்தத் தொழிற்சாலையாலும் அச்சில் வார்த்தது போல ஒன்றுக்கொன்று சமமாகச் செய்ய முடியாது. ஒரு இன்ஜெக்டர் ஒரு மயிரிழை அதிகமாகத் தெளிக்கும். இன்னொன்று ஒரு மயிரிழை குறைவாகத் தெளிக்கும். ஆகவே தொழிற்சாலையில் ஒவ்வொரு இன்ஜெக்டரையும் பல அழுத்தங்களில் ஓட்டிப் பார்த்து, அது எங்கெங்கே எவ்வளவு விலகுகிறது என்று அளக்கிறார்கள். அந்த விலகல்களைச் சுருக்கி ஒரு எண்ணாக்கி அதன் தலையில் பொறித்து விடுகிறார்கள். எழுத்துகளும் எண்களும் கலந்த இந்தக் குறியீடு சில தயாரிப்புகளில் 7 இடங்கள் கொண்டது. சிலவற்றில் 16, சிலவற்றில் 30. சிலவற்றில் கட்டம் கட்டமான சதுரக் குறியும் இருக்கும்.

கார் கம்பெனியில் இன்ஜின் பூட்டும்போது நான்கு இன்ஜெக்டர்களின் குறியீடுகளையும் ஈசியுவில் பதிவு செய்கிறார்கள். "முதல் சிலிண்டரில் இருப்பவர் கொஞ்சம் தாராளமானவர், அவருக்கு நேரத்தைக் குறை, மூன்றாவது சிலிண்டரில் இருப்பவர் கஞ்சன், அவருக்கு நேரத்தைக் கூட்டு" என்று கம்ப்யூட்டருக்குச் சொல்வதைப் போன்றது இது. பேட்டரியைக் கழற்றினாலும் இந்தத் தகவல் அழியாது. நம் கம்ப்யூட்டரில் பவர் போனால் ராம் நினைவகத்தில் உள்ளவை அழிந்துவிடும். ஹார்ட் டிஸ்க்கில் சேமித்தவை அப்படியே இருக்கும் அல்லவா? அதே போலத்தான்.

இப்போது இன்ஜெக்டரை மட்டும் மாற்றிவிட்டு எண்ணை மாற்றாமல் விட்டால் என்ன ஆகும்? பழைய கஞ்சனுக்கு எழுதிய கணக்கை வைத்துக்கொண்டு புதியவரை வேலை வாங்கும் ஈசியு. கார் ஸ்டார்ட் ஆகும், ஓடவும் செய்யும். ஆனால் நடுக்கம், சத்தம், புகை ஆகியவை தொடரலாம். சில கார்களில் எச்சரிக்கை விளக்கு எரியும்.

நான் செய்த தவறு

முதல் சனிக்கிழமை எனக்கு இது எதுவும் நினைவில் இல்லை. காயலான் கடையில் அப்பாவின் காரைப் போலவே ஒரு கார். பின்பக்கம் அடிபட்டு நசுங்கியிருந்தது, இன்ஜின் நன்றாக இருந்தது. இரண்டு இன்ஜெக்டர்கள் மீதம் இருந்தன. சுலபமாக வந்த ஒன்றைக் கழற்றினேன். அதன் தலை முழுவதும் எண்ணெய்ப் பிசுக்கு. அறைக்குக் கொண்டு வந்து கம்பி பிரஷ்ஷால் பளபளவென்று தேய்த்தேன். அடுத்த நாள் விழுப்புரத்தில் மெக்கானிக் அண்ணன் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நம்பர் எங்க தம்பி?"

தேய்த்ததில் ஏழில் மூன்று எழுத்துகள் போய்விட்டிருந்தன. "இரும்ப வாங்கிட்ட, எழுத்த விட்டுட்ட" என்றார் அவர்.

அழிந்த குறியீட்டை மீட்க வழி இல்லாமல் இல்லை. பழைய காரின் ஈசியு கிடைத்தால் அதிலிருந்து படித்துவிடலாம். அந்தக் காரின் ஈசியுவை ஏற்கனவே யாரோ வாங்கிப் போயிருந்தார்கள். சில பெரிய டீசல் ஒர்க் ஷாப்புகளில் இன்ஜெக்டரை டெஸ்ட் பெஞ்சில் ஓட்டிப் புதிய குறியீடே உருவாக்கித் தருவார்கள். ஆனால் எல்லா வகைக்கும் அது முடியாது, செலவும் அதிகம். எனவே அடுத்த சனிக்கிழமை மறுபடியும் புதுப்பேட்டை போனேன். அதே கார், மீதம் இருந்தது ஒன்றே ஒன்று. அதுவும் சிலிண்டர் ஹெட்டோடு இறுகிப் போயிருந்தது. கீழே உள்ளவை அந்த இரண்டாவது நாளில் நான் வரிசையாகச் செய்த வேலைகள்.

புறப்படும் முன்

1. உங்கள் காரின் இன்ஜெக்டரில் உள்ள பார்ட் நம்பரைக் குறித்துக் கொள்ளுங்கள். நாம் மேலே பார்த்த குறியீடு வேறு, பார்ட் நம்பர் வேறு. பார்ட் நம்பர் அந்த மாடல் இன்ஜெக்டர்கள் எல்லாவற்றுக்கும் பொது. குறியீடு ஒவ்வொன்றுக்கும் தனி. வகுப்பின் பெயரும் மாணவனின் பெயரும் போல. பார்ட் நம்பர் ஒத்துப் போகாவிட்டால் பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் வாங்காதீர்கள்.

2. தேவையான கருவிகள்: பைப் நட்டுக்கு ஏற்ற ஸ்பேனர் (பல கார்களில் 17 மில்லி மீட்டர்), இன்னொரு ஓப்பன் ஸ்பேனர், கிளாம்ப் போல்ட்டுக்கான பாக்ஸ் செட், துருவை இளக்கும் ஸ்பிரே, பெயிண்ட் பிரஷ், நூல் உதிராத துணி, கண்ணைக் காக்கும் கண்ணாடி, கையுறை, சிறிய பிளாஸ்டிக் மூடிகள், ஜிப் கவர்கள், அழியாத மார்க்கர் பேனா. இவற்றோடு கேமரா உள்ள செல்போன். இந்த வேலையில் ஸ்பேனருக்கு இணையான கருவி அதுதான்.

3. கடைக்காரரிடம் ரசீது கேளுங்கள். காரின் ஆவணங்கள் முறையாக ரத்தானதா என்றும் கேளுங்கள். ரசீது தர மறுக்கும் இடத்தில் வாங்காமல் இருப்பதே நல்லது.

கழற்றும் முறை

முதல் படி: காரில் பேட்டரி இருந்தால் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றி விடுங்கள். இன்ஜின் சமீபத்தில் ஓடியதா என்று கேளுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் அல்லது இப்போதுதான் நிறுத்திய இன்ஜினில் டீசல் குழாயைத் தொடவே கூடாது. அந்த அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே பார்த்தால் குண்டூசி குத்தியது போலத்தான் தெரியும். ஆனால் உடனே அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் விரலையே இழக்க நேரிடும். பல வாரம் நின்ற காரில் அழுத்தம் இருக்காது. ஆனாலும் கண்ணாடி, கையுறை அணிந்தே வேலை செய்யுங்கள்.

இரண்டாம் படி: மேலே உள்ள பிளாஸ்டிக் மூடியை எடுத்துவிட்டு, எதையும் தொடும் முன் போட்டோ எடுங்கள். முதலில் முழு இன்ஜின், பிறகு ஒவ்வொரு இன்ஜெக்டர். பிசுக்கு மூடியிருந்தால் துணியில் கொஞ்சம் டீசல் தொட்டு மெதுவாகத் துடையுங்கள். கம்பி பிரஷ், உப்புத்தாள், ஸ்க்ரூ டிரைவர் முனை எதுவும் கூடாது. குறியீடு தெளிவாகத் தெரிந்ததும் நேராக ஒரு போட்டோ, சாய்வாக டார்ச் அடித்து ஒரு போட்டோ எடுங்கள். சாய்வான வெளிச்சத்தில் பொறித்த எழுத்துகள் நிழலோடு எழுந்து நிற்கும். பிறகு ஒரு தாளில் எழுதிக் கொள்ளுங்கள். எந்தக் காரணத்துக்காகவும் இந்தப் படியைத் தள்ளிப் போடாதீர்கள்.

மூன்றாம் படி: இன்ஜெக்டரைச் சுற்றி உள்ள மண், தூசி எல்லாவற்றையும் பெயிண்ட் பிரஷ்ஷால் துடைத்து எடுங்கள். இன்ஜெக்டர் மூக்கில் உள்ள துளைகள் சுமார் 0.1 மில்லி மீட்டர் அகலம்தான். குழாயைக் கழற்றிய பிறகு உள்ளே விழும் ஒரு மணல் துகள் போதும், உங்கள் உழைப்பெல்லாம் வீண்.

நான்காம் படி: மின் இணைப்பின் பூட்டை அழுத்தி நேராக இழுங்கள். பழைய பிளாஸ்டிக் முறுக்கு போல நொறுங்கும், அவசரம் வேண்டாம். ரிட்டர்ன் குழாயின் கிளிப்பை உயர்த்தி அதையும் எடுத்து விடுங்கள்.

ஐந்தாம் படி: இப்போது இரும்புக் குழாய். அதன் நட்டைத் திருப்பும்போது, இன்ஜெக்டரில் உள்ள அறுகோணப் பகுதியை இன்னொரு ஸ்பேனரால் பிடித்துக் கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் நட்டோடு சேர்ந்து இன்ஜெக்டரின் வாய்ப் பகுதியும் திரும்பி, அதன் பிறகு ஒழுகும். நட்டைச் சுற்றித் துணியை வைத்து மெதுவாகத் தளர்த்துங்கள். குழாய் வந்ததும் இன்ஜெக்டரின் வாயை மூடியால் உடனே அடைத்து விடுங்கள்.

ஆறாம் படி: இன்ஜெக்டரை அழுத்திப் பிடித்திருக்கும் கிளாம்ப் போல்ட்டைக் கழற்றுங்கள். போல்ட்டின் தலைக்குழியில் அடைத்துள்ள கரியைச் சுத்தம் செய்த பிறகே கருவியை நுழையுங்கள். பாதி நுழைந்த கருவியைத் திருப்பினால் தலை வழுக்கிவிடும்.

அதிர்ஷ்டம் இருந்தால் இன்ஜெக்டர் இப்போது கையோடு வரும்.

வர மறுத்தால்?

எனக்கு வரவில்லை. அடியில் உள்ள காப்பர் வாஷர் சரியாக அடைக்காததால் பல மாதமாகப் புகை கசிந்து, தார் போன்ற கரி அதைச் சுற்றி இறுகியிருந்தது. கடையில் வேலை பார்த்த பெரியவர் ஒருவர் வேடிக்கை பார்த்துக் கொண்டிருந்தார். நான் ஸ்க்ரூ டிரைவரை அடியில் கொடுத்து நெம்பப் போனேன். அவர் என் கையைப் பிடித்தார். "தம்பி, பல்லு புடுங்குற மாதிரி. ஆட்டி ஆட்டித்தான் எடுக்கணும், நெம்பினா ஒடஞ்சிடும்" என்றார்.

அவர் சொன்ன முறை இது. இன்ஜெக்டரைச் சுற்றி ஸ்பிரேயை அடித்து ஊற விடுங்கள். நான் இரண்டு மணி நேரம் விட்டேன், ஓர் இரவு விட முடிந்தால் இன்னும் நல்லது. பிறகு இன்ஜெக்டரின் உடம்பில் தட்டையாக உள்ள இடத்தில் ஸ்பேனரைப் பிடித்து, இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று அசையுங்கள். மேலே உள்ள மின் இணைப்புத் தலையைப் பிடித்துத் திருகக் கூடாது. அது காந்தச் சுருள் உள்ள இடம், குறியீடு இருப்பதும் அங்கேதான். முதலில் ஒரு நூல் அளவுதான் அசையும். மறுபடி ஸ்பிரே, மறுபடி அசைவு. நன்றாகத் திரும்ப ஆரம்பித்த பிறகுதான் மேலே இழுக்க வேண்டும். இழுப்பதற்கு ஸ்லைடு ஹேமர் என்ற கருவி உண்டு. அதையும் நேராக மேல் நோக்கித்தான் பயன்படுத்த வேண்டும். பக்கவாட்டில் சுத்தியலால் தட்டினால் உள்ளே இருக்கும் ஊசி வளைந்துவிடும்.

மாலை நான்கரை மணிக்கு "க்ளக்" என்ற சத்தத்தோடு அது வெளியே வந்தது. பெரியவர் தன் டீயில் பாதியை எனக்குக் கொடுத்தார்.

சில இன்ஜின்களில் இன்ஜெக்டர்கள் வால்வு மூடிக்கு உள்ளே இருக்கும். அப்படிப்பட்டவற்றில் முதன் முதலாகக் கை வைக்க வேண்டாம்.

வெளியே வந்த பிறகு

* மூக்கு, வாய், ரிட்டர்ன் துளை மூன்றையும் மூடி, தனி ஜிப் கவரில் போடுங்கள். கவரின் மேல் தேதி, பார்ட் நம்பர், குறியீடு, எந்த சிலிண்டரிலிருந்து எடுத்தது ஆகியவற்றை எழுதுங்கள்.

* மூக்கில் உள்ள கரியைச் சுரண்டாதீர்கள். ஊசி கொண்டு துளையைக் குத்திப் பார்க்காதீர்கள்.

* 12 வோல்ட் பேட்டரியில் நேரடியாக இணைத்து "டிக் டிக்" சத்தம் வருகிறதா என்று பார்க்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. வேண்டாம். காந்தச் சுருள் உள்ள வகையில் சுருளின் மின்தடை பெரும்பாலும் ஒரு ஓமுக்கும் குறைவு. நேரடி மின்சாரத்தில் சுருள் கருகிவிடும். மல்டி மீட்டரால் இணைப்பு அறுந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

* பொருத்தும் முன் டீசல் ஒர்க் ஷாப்பில் கொடுத்து டெஸ்ட் பெஞ்சில் ஓட்டிப் பாருங்கள். எவ்வளவு தெளிக்கிறது, எவ்வளவு திரும்பி ஓடுகிறது என்று அளந்து சொல்வார்கள். வாங்கும்போதே "டெஸ்ட்டில் தவறினால் திருப்பி எடுத்துக் கொள்வீர்களா?" என்று கடைக்காரரிடம் பேசிக் கொள்ளுங்கள்.

* பழைய காப்பர் வாஷரைத் திரும்பப் பயன்படுத்தக் கூடாது. புதியது விலை மிகக் குறைவு. உட்காரும் இடத்தைக் கரி இல்லாமல் சுத்தம் செய்த பிறகே புதிய வாஷரோடு பொருத்த வேண்டும். போல்ட்டைக் கம்பெனி சொன்ன அளவுக்கு டார்க் ரென்ச் கொண்டு இறுக்க வேண்டும். இந்தப் பகுதியை மெக்கானிக்கிடம் விட்டு விடுங்கள், நானும் விட்டு விட்டேன்.

இனி கம்ப்யூட்டர் வேலை

ஸ்டியரிங்குக்குக் கீழே, டேஷ் போர்டின் அடியில் 16 பின்கள் கொண்ட ஒரு சாக்கெட் இருக்கும். அமெரிக்காவில் 1996 முதல் எல்லாப் புதிய கார்களிலும் இது கட்டாயமானது. பிறகு உலகம் முழுவதும் பரவியது. இதில் ஒரு அடாப்டரைச் செருகி, அதை லேப்டாப்பின் யுஎஸ்பி போர்ட்டில் இணைத்தால் ஈசியுவோடு பேசலாம். கடைகளில் கிடைக்கும் விலை குறைந்த அடாப்டரும் செல்போன் ஆப்பும் பிழைச் செய்திகளைப் படிக்க உதவும். இன்ஜெக்டர் குறியீட்டை எழுத அந்தக் காருக்கு உரிய மென்பொருள் வேண்டும். மெக்கானிக் அண்ணனிடம் முறைப்படி வாங்கிய மென்பொருள் இருந்தது. திருட்டு நகலைக் கொண்டு இந்த வேலையைச் செய்யாதீர்கள். பாதியில் நின்றால் காரே ஸ்டார்ட் ஆகாமல் போகலாம்.

1. கார் பேட்டரியில் சார்ஜரை இணைத்து வையுங்கள். லேப்டாப்பையும் சார்ஜரில் போடுங்கள். விண்டோஸ் தானாக ஸ்லீப் நிலைக்குப் போகாதவாறு பவர் செட்டிங்கை மாற்றுங்கள். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் தடைபடக் கூடாது.

2. சாவியை ஆன் நிலைக்குத் திருப்புங்கள். இன்ஜினை ஸ்டார்ட் செய்ய வேண்டாம்.

3. முதலில் தற்போது உள்ள நான்கு குறியீடுகளையும் படித்து, நோட்பேடில் தட்டச்சு செய்து, காரின் பதிவு எண்ணைப் பெயராகக் கொடுத்து சேமியுங்கள். ஒரு பிரதியை பென் டிரைவிலும் வையுங்கள். எதையும் மாற்றும் முன் பழையதை பேக்கப் எடுப்பது கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் கற்க வேண்டிய முதல் பழக்கம்.

4. மென்பொருள் சிலிண்டர்களை எந்த வரிசையில் காட்டுகிறது என்று கவனியுங்கள். சில மென்பொருள்கள் 1, 2, 3, 4 என்று காட்டும். சில, இன்ஜின் வெடிக்கும் வரிசையான 1, 3, 4, 2 என்று காட்டும். இங்கே தவறினால் ஒருவர் எண் இன்னொருவருக்குப் போய்விடும்.

5. மாற்றிய இன்ஜெக்டரின் குறியீட்டை உரிய இடத்தில் தட்டச்சு செய்து எழுதும் கட்டளையைக் கொடுங்கள். முடிந்ததும் சாவியை ஆஃப் செய்து சிறிது நேரம் பொறுத்து மறுபடி ஆன் செய்து, எழுதியது பதிந்திருக்கிறதா என்று படித்துப் பாருங்கள்.

ஐந்தாவது படியில் எங்களுக்கு ஒரு தடை. நான் தாளில் எழுதி வைத்திருந்ததைத் தட்டச்சு செய்ததும் "குறியீடு தவறு" என்று மென்பொருள் மறுத்துவிட்டது. இரண்டு முறை முயன்றும் அதே பதில். அப்பா வாசலில் நின்றுகொண்டு எதுவும் பேசாமல் பார்த்துக் கொண்டிருந்தார். இதுவும் வீணா என்று எனக்கு உள்ளங்கை வியர்த்தது.

பிறகு செல்போனில் இருந்த போட்டோவை லேப்டாப்புக்கு மாற்றிப் பெரிதாக்கிப் பார்த்தேன். நேராக எடுத்த படத்தில் 8 என்று தெரிந்த எழுத்து, சாய்வான வெளிச்சத்தில் எடுத்த படத்தில் பி என்ற ஆங்கில எழுத்தாகத் தெரிந்தது! இடது பக்கம் வளைவு இல்லை, நேர்கோடு. அதை மாற்றியதும் மென்பொருள் ஏற்றுக் கொண்டது.

தவறு என்று அதற்கு எப்படித் தெரிந்தது? இப்படிப்பட்ட நீண்ட எண்களில் சரிபார்ப்பு இலக்கம் என்று ஒன்றைச் சேர்த்து வைப்பது வழக்கம். மற்ற இலக்கங்களை வைத்து ஒரு கணக்குப் போட்டால் அந்த இலக்கம் வர வேண்டும். வராவிட்டால் எங்கோ பிழை என்று பொருள். உங்கள் ஆதார் எண்ணின் 12வது இலக்கமும், கிரெடிட் கார்டு எண்ணின் கடைசி இலக்கமும் இந்த வேலையைத்தான் செய்கின்றன. இணையத்தில் படிவம் நிரப்பும்போது ஒரு இலக்கம் தவறினால் உடனே சிவப்பு எழுத்தில் எச்சரிப்பது இதனால்தான். அடுத்த முறை அந்த எச்சரிக்கை வந்தால் எரிச்சல் படாதீர்கள். அது உங்களைக் காப்பாற்றுகிறது.

சாவியைத் திருப்பியபோது

குழாய்களில் காற்று இருந்ததால் முதல் முறை ஸ்டார்ட் ஆகச் சற்று நேரம் எடுத்தது. பிறகு இன்ஜின் பிடித்துக் கொண்டது. லேப்டாப் திரையில் நான்கு சிலிண்டர்களுக்கும் ஈசியு செய்யும் திருத்தம் ஓடிக்கொண்டிருந்தது. மூன்றாவது சிலிண்டருக்கு முன்பு தனியாக எகிறி நின்ற எண், இப்போது மற்ற மூன்றைப் போலவே பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றது. அப்பா திரையைப் பார்க்கவில்லை. பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். "நடுக்கம் இல்ல" என்றார். அன்று மாலையே பாண்டிச்சேரிக்கு ஒரு சவாரி போனார்.

நினைவில் வைக்க வேண்டியவை

* பார்ட் நம்பர் ஒத்துப் போனால் மட்டும் வாங்குங்கள்.
* ஸ்பேனரை எடுக்கும் முன் கேமராவை எடுங்கள். நேராக ஒன்று, சாய்வான வெளிச்சத்தில் ஒன்று.
* 8-ம் பி எழுத்தும், 5-ம் எஸ் எழுத்தும் குழப்பும். போட்டோவைப் பெரிதாக்கிச் சரி பாருங்கள்.
* கம்பி பிரஷ் வேண்டாம், நெம்ப வேண்டாம், 12 வோல்ட் சோதனை வேண்டாம்.
* ஈசியுவில் எழுதும் முன் பழைய எண்களைச் சேமியுங்கள்.

உங்களுக்கு கார் இல்லாமல் இருக்கலாம். ஆனால் இன்று நீங்கள் வாங்கியுள்ள கம்ப்யூட்டரின் அடியிலும் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் மாடல் எண்ணும் சீரியல் எண்ணும் சிறிய எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். இரண்டு ஆண்டுகளில் கை பட்டு, சூடு பட்டு அது அழிந்துவிடும். பழுது பார்க்கவோ உதிரி பாகம் வாங்கவோ போகும்போது கடைக்காரர் முதலில் கேட்பது அந்த எண்ணைத்தான். இதைப் படித்து முடித்ததும் கம்ப்யூட்டரை ஷட் டவுன் செய்து, திருப்பி, ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். ஒரு நிமிட வேலை.

அப்பா இப்போது காரின் டேஷ் போர்டு பெட்டியில், ஆர்.சி. புத்தக நகலோடு ஒரு தாளை மடித்து வைத்திருக்கிறார். நான்கு இன்ஜெக்டர்களின் எண்களையும் அவரே தன் கையெழுத்தில் எழுதியிருக்கிறார். மூன்றாவது வரியில் உள்ள பி எழுத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டிருக்கிறார்.